கடல்நீர்ப் பம்ப் நிலையத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் கட்டிப் பார்ப்பது ஏன்?

கோடையில் கிணற்றுத் தண்ணீர் ஃபுட் வால்வை நெருங்கும்போது மேலே ஒரு சுழி விழும். அடுத்த நிமிடம் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும். 'மோட்டார் காத்து வாங்குது' என்று சொல்லி ஸ்டார்ட்டரை அணைத்துவிடுவார்கள். அணைக்கட்டு, காட்பாடி, ஆற்காடு பக்கத்தில் பம்ப் செட் வைத்திருக்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மோட்டார் ஐந்து குதிரைத்திறன் இருக்கும். கடற்கரையில் மின் நிலையத்துக்கோ கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கோ தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒவ்வொன்றும் விநாடிக்கு 5,000 லிட்டர் தள்ளும். 15 மீட்டர் உயரத்துக்குத் தள்ள ஏறக்குறைய 900 கிலோவாட் வேண்டும். அதுவும் காற்று வாங்கும். அங்கே சட்டென்று அணைத்துவிட முடியாது. அணைத்தால் பின்னால் இருக்கும் ஆலையே நிற்கும்.

இதில் பெரும்பாலும் பம்ப் மீது குற்றம் இருக்காது. பம்ப் செய்பவர் தன் ஷாப்பில் அதைச் சோதித்துத்தான் அனுப்புகிறார். அந்தச் சோதனைத் தொட்டி அகலமானது, தண்ணீர் அமைதியாக நேராக ஏறும். நிலையத்தில் அதே பம்புக்கு வளைந்து வந்த தண்ணீர், ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மந்தமாகவும் வரும் தண்ணீர், தூண்களைச் சுற்றி முறுக்கிக்கொண்ட தண்ணீர் கிடைக்கிறது. அதிர்வு வந்ததும் பம்ப்காரர் சம்பை, அதாவது பம்ப் நிற்கும் தண்ணீர்த் தொட்டியை, கை காட்டுவார், சிவில் ஒப்பந்தக்காரர் பம்பைக் கை காட்டுவார். கான்கிரீட் போட்ட பிறகு நடக்கும் அந்தச் சண்டைக்கு மலிவான தீர்வு கிடையாது. கான்கிரீட் போடுவதற்கு முன்பே சம்பைச் சின்னதாகக் கட்டி, தண்ணீர் விட்டு, கண்ணால் பார்த்துவிடுவதுதான் நீரியல் மாதிரிச் சோதனை. இந்த மாதிரியை ஓட்டக் கடல் தேவையில்லை, உப்புத் தண்ணீரும் தேவையில்லை. நாட்டின் மூத்த நீரியல் ஆய்வு நிலையம், 1916-ல் தொடங்கியது, கடற்கரையில் இல்லை. புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆய்வு நிலையமோ அரக்கோணத்திலிருந்து திருவள்ளூர் தாண்டினால் வரும் பூண்டியில், ஏரிக்கரையில் இருக்கிறது.

எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாகப் போகும் பாலாறு கடலைத் தொடும் இடம் கல்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, வயலூர் பக்கம். அங்கிருக்கும் சென்னை அணுமின் நிலையம் நல்ல உதாரணம். தலா 220 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளின் நீராவியைக் குளிர்விக்க விநாடிக்கு ஏறக்குறைய 35 கன மீட்டர் கடல்நீர் எடுக்கும்படி அமைத்தது. கரையிலிருந்து 420 மீட்டர் தள்ளிக் கடலுக்குள் ஒரு வட்டமான வாங்கு கட்டுமானம். அதன் சுற்றுச் சன்னல்கள் வழியாக இறங்கும் தண்ணீர், கடலடிக்குக் கீழே 50 மீட்டருக்கும் மேல் ஆழத்தில், 3.8 மீட்டர் விட்டமும் 468 மீட்டர் நீளமும் கொண்ட சுரங்கத்தின் வழியே கரையில் உள்ள ஃபோர்பேவுக்கு ஏறிவருகிறது. ஃபோர்பே என்பது பம்புகளுக்கு முன்னால் இருக்கும் பெரிய தொட்டி.

குடிநீர் ஆலைகளின் கணக்கு வேறு. எடுக்கும் கடல்நீரில் 40 முதல் 45 விழுக்காடுதான் நன்னீராகும், மீதி உப்பு மிகுந்த கழிவாகக் கடலுக்கே போகும். சென்னைக்குத் தெற்கே பேரூரில் திட்டமிட்டிருக்கும் அளவான நாளுக்கு 40 கோடி லிட்டர் குடிநீர் வேண்டுமென்றால், உள்ளே 90 முதல் 100 கோடி லிட்டர் வர வேண்டும். விநாடிக்குப் பத்து, பதினொரு கன மீட்டர்.

இந்த அளவுகளில் அமெரிக்க ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட்டின் 9.8 என்ற தரவிதியைத்தான் உலகம் முழுக்க எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பம்ப் விநாடிக்கு 2.5 கன மீட்டரைத் தாண்டினாலோ, நிலையம் மொத்தமாக 6.3 கன மீட்டரைத் தாண்டினாலோ, சம்பின் வடிவம் தரவிதியில் சொன்ன வடிவத்திலிருந்து விலகினாலோ மாதிரிச் சோதனை செய்ய வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் கடல்நீர் நிலையங்கள் எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

முதலில் தண்ணீர் மட்டம்

சோதனைக்கு மாதிரி கட்டுவதற்கு முன் ஒரு எண் தெரிய வேண்டும்: சம்பில் தண்ணீர் எவ்வளவு கீழே இறங்கும்? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால் அலட்சியம். கடலின் தாழ்ந்த மட்டமும் சம்பின் தாழ்ந்த மட்டமும் ஒன்றல்ல. நடுவில் சுரங்கம் இருக்கிறது, குப்பையை வடிகட்டும் திரைகள் இருக்கின்றன.

ஒரு கணக்கு. நான்கு பம்ப், ஒவ்வொன்றும் 5 கன மீட்டர், மொத்தம் 20. சுரங்கம் ஆயிரம் மீட்டர் நீளம், 3.9 மீட்டர் விட்டம். புதுக் கான்கிரீட்டாக இருக்கும்போது உராய்வில் போகும் மட்டம் அரை மீட்டர் சொச்சம். இரண்டு வருடம் கழித்து உள்சுவர் முழுக்கப் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டியும் கொட்டலசும் பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 3.7 ஆகச் சுருங்குகிறது, வேகம் கூடுகிறது, சுவர் கரடுமுரடாகிறது. இப்போது அதே ஓட்டத்துக்கு இழப்பு 2 மீட்டர். ஒன்றரை மீட்டர் தண்ணீர் சம்பிலிருந்து காணாமல் போய்விட்டது. கடலில் ஒன்றுமே மாறவில்லை. திரைகளில் குப்பை சேர்ந்தால் இன்னும் அரை மீட்டர். குளோரின் விடுவது மட்டி ஒட்டாமல் தடுக்கத்தான், ஆனால் குளோரின் அமைப்பு சில வாரம் பழுதாகிக் கிடந்தால் என்னவாகும் என்பதையும் வடிவமைப்பவர் யோசிக்க வேண்டும். சுத்தமான சுரங்கத்துக்கு மட்டும் போட்ட கணக்கை நம்பக் கூடாது.

இன்னொரு கணக்கு எதிர்த்திசையில். மின்சாரம் போய் நான்கு பம்பும் ஒரே நேரத்தில் நின்றால், சுரங்கத்துக்குள் விநாடிக்கு 1.67 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும் 12,000 கன மீட்டர் தண்ணீர் சட்டென நிற்காது. ஃபோர்பேவுக்குள் ஏறும், பிறகு இறங்கும், மறுபடி ஏறும். ஃபோர்பேயின் பரப்பு 400 சதுர மீட்டர் என்றால் ஒரு முழு ஊசலாட்டத்துக்கு ஆறு நிமிடம். உராய்வைச் சேர்க்காமல் பார்த்தால் கடல் மட்டத்துக்கு மேல் 2.9 மீட்டர் வரை ஏறலாம். உராய்வு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். இந்த உயர்வு உயர் ஓதத்தின் மீது வந்தால் பம்ப் தளம் நனையும். அதே ஊசலாட்டம் கீழே இறங்கும் நேரத்தில் இயக்குபவர் அவசரமாக பம்பை மறுபடி ஓட்டினால் காற்று வாங்கும். இந்த இரண்டையும் கணினியில் ஒரு பரிமாணக் கணக்காகவே பார்த்துவிடலாம், மாதிரி தேவையில்லை. ஆனால் அதிலிருந்து வரும் மட்டங்கள்தான் மாதிரிச் சோதனையின் உள்ளீடு. ஃபோர்பே கடலோடு இணைந்த பாத்திரம் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமி அலை கல்பாக்கத்தில் வாங்கு சுரங்கம் வழியாகவும் ஏறி, பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த அலகு நிறுத்தப்பட்டது.

காகிதத்தில் சம்ப்

நம் 5 கன மீட்டர் பம்புக்கு வருவோம். செங்குத்து பம்பின் அடியில் விரிந்த வாய் இருக்கிறதே, பெல் மவுத், அதன் வாயில் வேகம் விநாடிக்கு 1.7 மீட்டர் பக்கம் இருக்கும்படி விட்டம் எடுப்பது வழக்கம். 1.95 மீட்டர் வைத்தால் வேகம் 1.67. தரவிதியின்படி பெல் வாய்க்கு மேல் நிற்க வேண்டிய தண்ணீர் = விட்டம் × (1 + 2.3 × ஃபிரூட் எண்). ஃபிரூட் எண் என்பது வேகத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தது; இங்கே 0.38. விடை 3.67 மீட்டர். பெல்லுக்கும் தரைக்கும் இடைவெளி விட்டத்தில் 0.3 முதல் 0.5 பங்கு, 0.88 மீட்டர் வைப்போம். பின்சுவருக்கு விட்டத்தில் கால் பங்கு. ஒவ்வொரு பம்புக்கும் தனி அறை, அகலம் விட்டத்தின் இரு மடங்கு, 3.9 மீட்டர்; நீளம் குறைந்தது ஐந்து மடங்கு, பத்து மீட்டர் பக்கம். அறைக்குள் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. நமக்கு 0.28 வருகிறது.

எல்லா எண்ணும் தேறிவிட்டன. அப்படியானால் ஏன் இன்னும் சோதனை? இந்த விதிகள் அறைக்குள் தண்ணீர் நேராக நுழைகிறது என்ற எடுகோளில் எழுதப்பட்டவை. கடல்நீர் நிலையத்தில் அது அபூர்வம். சுரங்கம் ஃபோர்பேயின் நடுவில் ஒரு வாயாக வந்து திறக்கும். அந்தத் தாரை எதிர்ச் சுவரில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து, மூலைகளில் பெரிய வட்டமாகச் சுற்றும். இடம் மிச்சப்படுத்த ஃபோர்பேயைச் சட்டென்று அகலமாக்கியிருப்பார்கள். பத்து டிகிரிக்கு மேல் சுவர் விரிந்தால் ஓட்டம் ஒரு சுவரை விட்டு விலகி மறு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு பம்பில் இரண்டை மட்டும் ஓட்டினால், மூடிய அறைகளின் முன்னால் தண்ணீர் குறுக்காக ஓடித் திரும்பும்.

இவற்றிலெல்லாம் பெரிய தொல்லை பேண்ட் ஸ்கிரீன். சுற்றும் கம்பித் திரை. மீன், பாசி, சொறி மீன், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வடிகட்டி மேலே கொண்டு போவது. இதில் இரட்டை ஓட்ட வகை, அதாவது இரு பக்கமும் உள்வாங்கி நடுவில் வெளியேற்றும் வகை, குப்பை மறுபக்கம் விழாது என்பதால் பராமரிப்பவர்களுக்குப் பிடிக்கும். நீரியல் பார்ப்பவர்களுக்குத் தலைவலி. முழு அறை அகலத்தில் வந்த தண்ணீர், நடுவில் ஒரு ஒடுங்கிய சந்து வழியாகத் தாரையாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். திரைக்கும் பம்புக்கும் நடுவே போதிய தூரம் இல்லாவிட்டால் அந்தத் தாரை கலையாமல் நேராக பெல்லில் மோதும், அல்லது பின்சுவரில் மோதி மேலெழுந்து சுழியாக இறங்கும். திரையைத் தேர்ந்தெடுப்பது மெக்கானிக்கல் பிரிவு, அறை நீளத்தை முடிவு செய்வது சிவில் பிரிவு. இரண்டு வரைபடமும் மாதிரிக் கூடத்தில்தான் முதல்முறையாகச் சந்திக்கின்றன என்பது அடிக்கடி நடப்பது.

அளவு விகிதம்

கப்பல் மாதிரிகளை வைத்து வில்லியம் ஃபிரூட் 1870களில் இங்கிலாந்தில் நிறுவிய விதிதான் இதற்கும் அடிப்படை. தண்ணீரின் மேற்பரப்பு திறந்திருக்கும் இடத்தில் புவியீர்ப்புதான் ஆட்சி செய்கிறது. ஆகவே மாதிரியிலும் நிஜத்திலும் ஃபிரூட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் 12 மடங்கு சுருங்கினால் வேகமும் நேரமும் 12-ன் வர்க்கமூலமான 3.46 மடங்கு சுருங்கும். ஓட்டம் ஏறக்குறைய 499 மடங்கு. நிஜத்தில் விநாடிக்கு 5,000 லிட்டர், மாதிரியில் 10 லிட்டர். பெல் 162 மில்லிமீட்டர். பத்து நிமிடம் ஓட்டினால் நிஜ நிலையத்தில் 35 நிமிடம் ஓடிய மாதிரி.

ஃபிரூட்டை மட்டும் பார்த்து மாதிரியை மிகவும் சின்னதாக்கிவிட முடியாது. தண்ணீரின் பாகுத்தன்மையும் மேற்பரப்பு இழுவிசையும் சுருங்க மறுக்கின்றன. மாதிரி மிகச் சிறிதானால் இவை சுழியை அடக்கிவிடும். மாதிரியில் சுழி இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு நிஜத்தில் பார்த்தால் இருக்கும். அதனால் பெல்லில், பாகுத்தன்மையின் பங்கைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் 60,000-க்கும் இழுவிசையின் பங்கைக் காட்டும் வெபர் எண் 240-க்கும் மேல் இருக்க வேண்டும் என்று தரவிதி கீழ்வரம்பு போடுகிறது. 1:12-ல் வெபர் எண் 530 பக்கம், ரெனால்ட்ஸ் எண் 20 டிகிரித் தண்ணீரில்கூட 78,000. கவலையில்லை.

1:16-க்கு இறங்கினால்? பம்புக்கு 4.9 லிட்டர் போதும், ஷெட் பாதியாகச் சுருங்கும். வெபர் 300, தப்பிக்கும். ரெனால்ட்ஸ் எண்தான் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 22 டிகிரி என்றால் 53,000, தேறாது. சித்திரை வெயிலில் அதே தண்ணீர் 32 டிகிரி ஆகும்போது 66,000, தேறும். வேலூர் வெயிலால் ஆகும் ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும். விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் உண்மை: சோதனைத் தாளில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணீரின் வெப்பநிலையை எழுதாத அறிக்கையை ஒப்புக்கொள்ளக் கூடாது.

ராணிப்பேட்டையில் ஒரு ஷெட்

சிப்காட்டில் ஒரு ஷெட்டில் இதைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். எதுவும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. ஃபேப்ரிகேஷன் தெரிந்த ஃபிட்டர்களும் நல்ல தச்சரும் அக்ரிலிக் வேலை தெரிந்த ஒருவரும் போதும். ஃபோர்பேயைச் செங்கல்லும் பூச்சுமாகக் கட்டலாம், அல்லது மரைன் பிளைவுட்டில் எபாக்சி அடித்துச் செய்யலாம். சாதா பிளைவுட் வேண்டாம், இரண்டு வாரத்தில் ஊதித் தரை மேடாகிவிடும். பெல்லின் கீழ் இடைவெளி மாதிரியில் 73 மில்லிமீட்டர்தான். அதில் 3 மில்லிமீட்டர் மேடு என்றால் நிஜத்தில் 36 மில்லிமீட்டர். பம்ப் அறைகளின் பக்கச் சுவர், பின்சுவர், பெல்லுக்குக் கீழ் உள்ள தரை ஆகியவை அக்ரிலிக்கில்தான் இருக்க வேண்டும். அடியிலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கும், ஆகவே மாதிரியைத் தரையிலிருந்து ஒரு ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். பெல்லை அக்ரிலிக் உருளையிலிருந்து லேத்தில் கடைந்து எடுப்பார்கள். பம்புக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை வைப்பதில்லை. நாம் பார்ப்பது இம்பெல்லருக்குத் தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டும். இம்பெல்லர் சுற்றினால் அது தானே கிளப்பும் சுழற்சி கலந்துவிடும். நேரான குழாய், மேலே போய் ஒரு உறிஞ்சு பம்போடு சேரும்.

நான்கு பம்புக்கு விநாடிக்கு 40 லிட்டர், கடைசியில் செய்யும் ஒன்றரை மடங்கு ஓட்டச் சோதனைக்கு 60. அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு குழாயிலும் தனி ஓட்டமானி, இரண்டு விழுக்காட்டுக்குள் சரியாக இருக்க வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஓட்டமும் ஏறி இறங்கும். அதற்கு வழிந்தோடும் நிலைமட்டத் தொட்டி வைக்கலாம், அல்லது மோட்டார்களை வேகம் மாற்றும் டிரைவ் மூலம் ஓட்டலாம். தண்ணீர் மட்டத்துக்கு வெர்னியர் உள்ள முனைமானி. திரும்பி வரும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கட்டும்; மேலிருந்து கொட்டினால் சிறு குமிழிகள் கலந்து ஃபோர்பே வரைக்கும் வந்து, சுழி காற்று இழுப்பதுபோல ஏமாற்றும். நுழைவில் ஓட்டைத் தகடும் ஜல்லி நிரப்பிய கூடையும் வைத்துத் தண்ணீரை அமைதிப்படுத்த வேண்டும்.

போர் தண்ணீரின் உப்பு பிரச்சினையில்லை, கலங்கல் பிரச்சினை. சாயம் தெரிய வேண்டுமே. சோப்பு, எண்ணெய் எதுவும் சேரக் கூடாது. மேற்பரப்பு இழுவிசை மாறிவிடும். கடல்நீரின் அடர்த்தி இரண்டரை விழுக்காடு கூடுதல் என்றாலும் சம்புக்குள் முழுக்க ஒரே தண்ணீர்தான் என்பதால் ஓட்டத்தின் வடிவம் மாறாது. வெந்நீர் அல்லது அடர் உப்புக் கழிவு கடலில் பரவுவதைச் சோதிக்கும்போதுதான் அடர்த்தி வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். அது வேறு மாதிரி, வேறு விதி.

திரைகளை அப்படியே சுருக்க முடியாது. கம்பி பத்து மில்லிமீட்டர் கனம் என்றால் மாதிரியில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய், தண்ணீர் அதைச் சுற்றி ஓடும் விதமே மாறிவிடும். நிஜத் திரையின் அழுத்த இழப்புக் கெழுவைத் தருகிற ஓட்டைத் தகட்டைத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள். சொறி மீன் கூட்டம் வந்து திரையை அடைக்கும் நிலையை, தகட்டின் ஒரு பாதியை பிளாஸ்டிக் தாளால் மூடிப் பார்ப்பது வழக்கம். எந்தப் பாதி என்பது முக்கியம்: இடது பாதி அடைந்தால் வரும் சுழற்சியும் கீழ்ப்பாதி அடைந்தால் வரும் வேகமும் ஒன்றல்ல.

எதைப் பார்க்கிறோம்

ஓட்டத்தை நிலைப்படுத்தி, மட்டம் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து, பிறகுதான் அளவு. நான்கு விஷயங்கள்.

மேற்பரப்புச் சுழிக்கு ஆறு வகை. ஒன்று: லேசான சுற்றல். இரண்டு: சிறு குழி. மூன்று: சாயம் விட்டால் ஒரு நூலாகக் கீழே பெல் வரை போகும். நான்கு: மிதக்கும் குப்பையை உள்ளே இழுக்கும். ஐந்து: காற்றுக் குமிழியை இழுக்கும். ஆறு: மேலிருந்து பெல் வரை காற்றுத் தூண். மூன்றும் அதற்கு மேலும் பொதுவாகக் கூடாது. மூன்றாம் வகை மட்டும் நேரத்தில் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக வந்தாலோ, அபூர்வமான இயக்க நிலையில் மட்டும் வந்தாலோ சகித்துக்கொள்ளலாம். சுழி நிலையாக நிற்காது, வரும் போகும். ஆகவே 15 விநாடிக்கு ஒருமுறை வகையை எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை எட்டிப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுவது சோதனையாகாது.

அடியில் உருவாகும் சுழி இன்னும் பொல்லாதது, மேலிருந்து தெரியாது. ஊசிக் குழாயில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை பெல்லுக்குக் கீழே, பின்சுவர் மூலைக்குப் பக்கத்தில் மெதுவாக விட்டுக் கவனியுங்கள். முதலில் ஊதாப் புகைபோல அலையும். சில விநாடியில் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், தரையில் ஒரு புள்ளியில் கால் ஊன்றிய மெல்லிய கயிறாகி பெல்லுக்குள் ஏறும். இரண்டு மூச்சு நின்று அறுந்துபோகும், மறுபடி பக்கத்தில் எழும். நிஜ பம்பில் அந்தக் கயிற்றின் நடுவே அழுத்தம் இறங்கி நீராவிக் குமிழிகள் உண்டாகும். ஒவ்வொரு இறக்கையும் அதைக் கடக்கும்போது ஒரு அடி வாங்கும். சரளைக் கற்கள் உருளும் சத்தம், தண்டில் அதிர்வு, பேரிங் தேய்மானம். சாயம் ஒருங்கிச் சேர்ந்து உள்ளே போகும் அளவுக்கு அடிச்சுழி இருந்தாலே திருத்தம் வேண்டும்.

மூன்றாவது, குழாய்க்குள் தண்ணீர் எவ்வளவு முறுக்கிக்கொண்டு ஏறுகிறது என்பது. இதற்கு நான்கு நேர் இறக்கை கொண்ட சின்னச் சக்கரம், உராய்வே இல்லாத அளவு லேசான பேரிங்கில், பெல்லிலிருந்து குழாய் விட்டத்தின் நான்கு மடங்கு தள்ளி. இறக்கைகள் நேராக இருப்பதால் தண்ணீர் நேராகப் போனால் சுற்றாது. நம் மாதிரியில் குழாய் 125 மில்லிமீட்டர், வேகம் 0.82 மீட்டர் என்றால், நிமிடத்துக்கு 11 சுற்று என்பது 5 டிகிரிக்குச் சமம். அதுதான் வரம்பு, 10 முதல் 30 விநாடிச் சராசரியிலும் சரி, பத்து நிமிடச் சராசரியிலும் சரி. எப்போதாவது 7 வரை ஏறலாம். சக்கரம் கொஞ்சம் வலம் சுற்றி, தயங்கி நின்று, இடம் சுற்ற ஆரம்பித்தால் சராசரி பூஜ்யமாகத் தெரியும். அதனால்தான் குறுகிய நேர அளவும் கேட்கிறார்கள். இம்பெல்லர் சுற்றும் திசையிலேயே முறுக்கு இருந்தால் பம்ப் தள்ளும் உயரம் குறையும். எதிர்த்திசையில் இருந்தால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும்.

நான்காவது, இம்பெல்லர் வாய் இருக்க வேண்டிய குறுக்குவெட்டில் எட்டுப் புள்ளிகளிலாவது வேகம் அளப்பது. எந்தப் புள்ளியும் சராசரியிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது, ஒரே புள்ளியில் வேகம் துடிப்பதும் பத்து விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

இதையெல்லாம் எந்த பம்ப் சேர்க்கைகளுக்கு, எந்த மட்டங்களுக்கு? நான்கு பம்பில் ஒன்று நின்றால் நான்கு வழி, இரண்டு நின்றால் ஆறு வழி, மூன்று மட்டம், திரை சுத்தம், பாதி அடைப்பு, பராமரிப்புக்காக ஒரு வழியை ஸ்டாப் லாக் எனும் அடைப்புப் பலகைகள் போட்டு மூடிய நிலை. எல்லாவற்றையும் பெருக்கினால் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தாழ்ந்த மட்டத்தில் ஓரத்து பம்புகள் ஓடும் சேர்க்கைகளை முதலில் எடுங்கள், அங்கேதான் பெரும்பாலும் தோற்கும். அவை தேறினால் மற்றவற்றை விரைவாக முடிக்கலாம்.

திருத்தங்கள்

தோற்ற சம்பைச் சரிசெய்வதில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் ஃபோர்பே. அங்கே கோணலாக வரும் தண்ணீரை பெல்லுக்கடியில் திருத்த முயல்வது வீண். தாரை மோதும் இடத்துக்கு முன்னால் இரண்டு வரிசைத் தூண்களை ஒன்றின் இடைவெளியில் மற்றது வரும்படி நிறுத்தினால் தாரை கலைந்து அகலமாகும். பம்ப் அறைகளின் நடுச்சுவர்களை முன்னோக்கி நீட்டி மூக்கை வட்டமாக்கினால் குறுக்கோட்டம் அடங்கும்.

அதன் பிறகு அறைக்குள். பெல்லுக்கு நேர்கீழே தரையில் ஒரு கூம்பு அல்லது ஓட்டத் திசையில் நிற்கும் தாழ்ந்த பிரிப்புச் சுவர், அடிச்சுழியின் காலை ஊன்றவிடாது. பின்சுவரும் தரையும் சேரும் மூலைகளில் 45 டிகிரிச் சரிவு. பின்சுவரில் பெல்லை நோக்கி நிற்கும் ஒரு செங்குத்து முனை. மேற்பரப்புச் சுழிக்கு, பம்புக்கு முன்னால் தண்ணீருக்குள் ஓரளவு இறங்கி நிற்கும் திரைச் சுவர். இது தாழ்ந்த மட்டத்தில் வேலை செய்யும்படி வைத்தால் உயர்ந்த மட்டத்தில் முழுக்க மூழ்கி, தன் பின்னால் ஒரு புதுச் சுழியைக் கிளப்பலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய சோதனைகளில் மோசமானவற்றைத் திரும்ப ஓட்ட வேண்டியது இதனால்தான். மாதிரியில் இவற்றை பிளாஸ்டிசினும் தகரமும் வைத்து அரை நாளில் மாற்றிப் பார்க்கலாம் என்பதே இந்த முறையின் பலம். ஆனால் அழகாக வேலை செய்யும் திருத்தம் கட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும்: கடல்நீரில் மெல்லிய எஃகுத் தகடுகள் அரித்துப்போகும், ஓட்டைச் சுவர்களில் மட்டி அடைக்கும். முடிந்தவரை கனமான கான்கிரீட்டிலேயே முடிப்பது புத்திசாலித்தனம்.

கடைசியாக, முடிவான வடிவத்தை ஃபிரூட் விதி சொல்லும் ஓட்டத்தைப்போல ஒன்றரை மடங்கில், அதே மட்டத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். மாதிரியின் சிறிய அளவு மேற்பரப்புச் சுழியை அடக்கியிருந்தால் இதில் வெளிவரும். இது எச்சரிக்கைச் சோதனை. இங்கே முறுக்கையும் வேகத்தையும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கணினியிலேயே எல்லாம் பார்த்துவிடலாமே என்ற கேள்வி இப்போது எல்லாக் கூட்டங்களிலும் வருகிறது. ஃபோர்பேயின் வடிவத்தை ஒப்பிட, ஐந்து யோசனைகளில் மூன்றைக் கழிக்க, மாதிரியின் எல்லையை எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்ய, கணினிக் கணிப்பு நல்ல கருவி, வேகமும்கூட. வந்து வந்து போகும் சுழியையும் அது காற்று இழுக்கும் தருணத்தையும் வழக்கமான கணிப்பு முறைகள் சராசரியாக்கி மழுப்பிவிடுகின்றன. தரவிதியும் அதை இறுதி ஒப்புதலுக்கு ஏற்பதில்லை.

கட்டிய பிறகு

மாதிரி தேறியது வரைபடத்திலுள்ள சம்புக்குத்தான், கட்டிய சம்புக்கு அல்ல. தண்ணீர் விடும் முன் அறைக்குள் இறங்கிப் பெல்லுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நான்கு பக்கமும் நாடா பிடித்து அளந்து, கூம்பு பெல்லின் மையத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாரக் கட்டை, சிமென்ட் மூட்டை, வெட்டாமல் விட்ட கம்பி எதுவும் தரையில் இருக்கக் கூடாது. ஓட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு சேர்க்கையிலும் மோட்டார் கரண்ட்டின் துடிப்பையும் அதிர்வையும் பதிந்து, மாதிரியில் மோசமாக இருந்த சேர்க்கைகளோடு ஒப்பிடலாம்.

பிறகு மணல். கடல் கொண்டுவரும் மணல் மந்தமான அறைகளில் படியும். 88 சென்டிமீட்டர் இடைவெளியில் முப்பது படிந்தால் பெல்லுக்கடியில் உள்ள வடிவம் சோதித்த வடிவமே அல்ல. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஸ்டாப் லாக் போட்டு அறையை வற்றவைத்து மணலின் உயரத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். தாழ்மட்டத்தில் பம்பைத் தானாக நிறுத்தும் அமைப்பு, பம்ப் அறைக்குள்ளேயே, திரைகளுக்குப் பின்னால் இருக்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும். ஃபோர்பேயில் வைத்த மட்டமானி, திரை அடைந்து அறை வற்றும்போதும் தண்ணீர் நிறைய இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.